ஊரைக் கேட்டீர்களா?

ஊர் நடுவே ஓர் இடம் கிடக்கிறது. பத்திரத்தில் எவர் பெயரும் இல்லை. ஆனால் அந்த ஊரில் பிறந்த ஒவ்வொருவரின் கால்தடமும் அதில் பதிந்திருக்கிறது. காலையில் ஆடும் மாடும் அங்கே கூடும். அறுவடைக் காலத்தில் நெல் காயும். மாலையில் பிள்ளைகள் பந்து விரட்டுவார்கள். வேலை முடிந்து வந்த பாட்டாளி அங்கேதான் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்து மூச்சு வாங்குவான்.

ஒருநாள் பொழுது விடிகிறது. இடத்தின் நான்கு மூலையிலும் கல் நட்டிருக்கிறது. கம்பி வேலி வந்திருக்கிறது. மண் அள்ளும் இயந்திரம் உறுமிக்கொண்டு நிற்கிறது. "என்னய்யா இது?" என்று ஊரார் கேட்கிறார்கள். "மேலே முடிவாகிவிட்டது" என்று பதில் வருகிறது.

மேலே என்றால் எங்கே? வானத்திலா? வானத்திலிருந்து வந்த வாக்கு என்று சொல்லி நம் வாயை அடைத்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்துக்குக் கல்லறை கட்டத்தானே இந்த நாட்டிலே பகுத்தறிவுப் படை புறப்பட்டது? ஆண்டவன் கட்டளை என்றாலே ஏன், எதற்கு என்று கேட்கக் கற்றுக்கொண்ட தமிழன், ஆணையர் கட்டளை என்றதும் கைகட்டி நிற்பதா?

தோழர்களே! ஊராட்சியின் கையிலும், பேரூராட்சியின் கையிலும், நகராட்சியின் கையிலும் உள்ள நிலம் அந்த மன்றத்தின் சொத்து அல்ல. மக்களின் சொத்து. மன்றம் அதற்குக் காவல்காரன். காவல்காரனிடம் சாவி இருக்கலாம். அதனாலேயே வீடு அவனுடையது ஆகிவிடாது. இதை நாம் சொல்லவேண்டிய இடத்தில், சொல்லவேண்டிய நேரத்தில், உரக்கச் சொல்லவேண்டும்.

"புறம்போக்கு" என்ற சொல்லையே வசவாக்கி வைத்திருக்கிறார்கள். எவருக்கும் உதவாதது, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள் கற்பிக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 134-ஆம் பிரிவைப் பாருங்கள். மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, இடுகாடு, மாட்டு மந்தை, வண்டி நிறுத்தும் இடம், தோப்பு ஆகிய புறம்போக்குகள் ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. எதற்காக? அவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவதற்காக! சட்டம் தந்திருப்பது ஒழுங்குபடுத்தும் பொறுப்பு. விருப்பம்போல் வாரிக் கொடுக்கும் உரிமை அல்ல.

நகரத்துக் கதையும் இதுதான். தேனியிலும், போடியிலும், கம்பத்திலும், சின்னமனூரிலும் நெல் விளைந்த வயல்கள் மனைகளாகிக்கொண்டிருப்பதைக் கண்ணால் காண்கிறோம். பெரிய மனைப்பிரிவு போடுகிறவர், சாலை போக மீதியுள்ள நிலத்தில் 10 விழுக்காட்டைப் பொதுவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது விதி. தானம் கொடுத்தவர் மனை வணிகராக இருக்கலாம். ஆனால் அந்தத் தானத்தின் விலையைத் தம் மனையின் விலையோடு சேர்த்துக் கொடுத்தவர்கள் யார்? சீட்டுப் பிடித்து, நகையை அடகு வைத்து, ஒன்றரை சென்டும் இரண்டு சென்டுமாக வாங்கிய மக்கள்! அவர்கள் பணத்தில் வந்த பூங்கா நிலத்தில் என்ன வரவேண்டும் என்று அவர்களைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது?

பொது நிலம் போனால் யாருக்கு நட்டம்? தோட்டமும் துரவும் உள்ளவருக்கு அல்ல. அவருக்குச் சொந்தக் களம் இருக்கிறது. அவர் வீட்டுப் பிள்ளை விளையாட மாடி இருக்கிறது. நான்கு ஆட்டை வைத்துப் பிழைக்கும் கிழவிக்குத்தான் நட்டம். பாவு நீட்ட நீளமான இடம் தேடும் சக்கம்பட்டி நெசவாளிக்குத்தான் நட்டம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இரண்டு போகம் விளையும் இந்தப் பள்ளத்தாக்கில், களம் போன ஊரிலே தார்ச்சாலைதான் களமாகிறது. சாலையில் நெல்லைக் கொட்டிவிட்டு, இரவில் லாரி வெளிச்சத்துக்கு அஞ்சி அஞ்சிக் காவல் இருக்கிறானே குத்தகை விவசாயி, அவனைக் கேளுங்கள், களம் என்றால் என்னவென்று!

"மக்கள்தானே எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஒவ்வொன்றுக்கும் மறுபடி அவர்களைக் கேட்கவேண்டுமா?" என்று சில மன்றத்தார் கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் சிந்தித்துப் பாருங்கள். ஓட்டுச் சீட்டு என்பது அதிகாரப் பத்திரம். கிரயப் பத்திரம் அல்ல. சாக்கடையைச் சீர்செய், தெருவிளக்கை எரியவிடு, குடிநீர் கொடு என்று ஐந்தாண்டுக்கு மக்கள் கொடுத்த அதிகாரம் அது. ஐந்தாண்டுக்கு வந்தவர், ஐம்பது ஆண்டுக்கு அழியாத ஒரு முடிவை ஊரைக் கேளாமல் எடுப்பது எந்த ஊர் நியாயம்?

நிலத்தைப் பற்றிய ஒரு பத்திரத்துக்கு எவ்வளவு ஆயுள் உண்டு என்பது கம்பம் பள்ளத்தாக்குக்குத் தெரிந்ததுபோல் வேறு எவருக்கும் தெரியாது. 1886-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் மன்னர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே எழுதப்பட்ட ஒப்பந்தம்தான் பெரியாற்று அணைக்கு அடிப்படை. 8,000 ஏக்கர் நிலம்; 999 ஆண்டுக் குத்தகை. எழுதியவர்கள் மறைந்தார்கள். எழுதவைத்த சாம்ராஜ்யம் மறைந்தது. 1895-இல் எழுந்த அணை நிற்கிறது, பத்திரம் பேசுகிறது, அதன் பலத்தில் நம் வயலுக்குத் தண்ணீர் வருகிறது. நில ஒப்பந்தத்தின் பலத்தை உண்டு வளர்ந்த நாம், நம் ஊர் நிலத்தின்மீது ஒப்பந்தம் எழுதப்படும்போது மட்டும் பார்த்தும் பாராமல் இருக்கலாமா?

இன்னொன்றையும் எண்ணுங்கள். மன்றம் எப்போதும் இருக்கிறதா? 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. அதற்குப்பின் 2019 டிசம்பரில்தான் ஊராட்சிகளுக்குத் தேர்தல் வந்தது. மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. அந்தத் தேர்தலில் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிந்தது. தேனி மாவட்டம் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் நிர்வாகம் மறுபடி தனி அலுவலர்கள் கைக்குப் போயிற்று. தலைவர் நாற்காலி காலியாகலாம். உறுப்பினர் இருக்கை காலியாகலாம். ஆனால் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள அத்தனை பேரையும் உறுப்பினராகக் கொண்ட கிராம சபை இருக்கிறதே, அதற்குப் பதவிக் காலம் கிடையாது! அது கலைவதில்லை, காலாவதி ஆவதில்லை. ஊர் இருக்கும்வரை அது இருக்கும். நிலைத்து நிற்கும் நிலத்தைப் பற்றி, நிலைத்து நிற்கும் சபையைக் கேட்பதுதான் முறை.

கேளாமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. போடிக்கு அருகே பொட்டிப்புரம் இருக்கிறது. அங்கே மலையைக் குடைந்து, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் அமைத்து, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராய ஒரு கூடம் கட்டுவது என்று திட்டமிட்டார்கள். 2015 ஜனவரி 5-ஆம் நாள் ஒன்றிய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று வாரம் கழித்து, ஜனவரி 26 அன்று, பொட்டிப்புரம் கிராம சபை கூடியது. திட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. முடிவு முதலில் வந்தது. ஊர்ச் சபையின் குரல் மூன்று வாரம் பின்னால் வந்தது!

அறிவியலுக்கு நாம் எதிரிகளா? மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறிக்கப் புறப்பட்டவர்கள் ஆராய்ச்சிக் கூடத்தைக் கண்டு அஞ்சுவார்களா? இல்லை. ஆராய்ச்சி வேண்டும், அறிவு வளரவேண்டும். நாம் கேட்பது வேறு. அறிவியலாளர்கள் வந்தார்கள், விளக்கினார்கள், கூட்டம் போட்டுப் பேசினார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் விளக்குவது வேறு, கேட்பது வேறு. விளக்கம் என்பது, முடிவு செய்துவிட்டேன், புரிந்துகொள் என்பது. கேட்பது என்பது, நீ வேண்டாம் என்றால் நிறுத்துவேன், மாற்றுவேன் என்று ஒப்புக்கொண்டு வருவது. மலையடியில் மாடு மேய்ப்பவனுக்கு நியூட்ரினோ தெரியாமல் இருக்கலாம். நாளை மாட்டை எங்கே ஓட்டுவது என்ற கேள்வி அவனுக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் படித்தவர்கள்தான்.

பிறகு நடந்தது என்ன? அதே 2015 மார்ச்சில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-இல் ஒன்றிய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. 2022-இல், அனுமதிக்க இயலாது என்று தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தில் சொன்னது. கேட்பதால் காலம் வீணாகும் என்பவர்கள் இந்த ஆண்டுகளை விரல்விட்டு எண்ணட்டும். கேட்பதற்குச் சில திங்கள் ஆகும். கேளாமைக்கு ஆண்டுகள் பல ஆகும்!

நீதிமன்றமும் இதையே வேறு சொல்லில் சொல்லியிருக்கிறது. பெங்களூரில் ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தை, ஒரு மருத்துவ அறக்கட்டளை தனியார் மருத்துவமனை கட்டுவதற்கு ஒதுக்கினார்கள். மருத்துவமனை தீயதா? இல்லை. ஆயினும் அந்தத் தெரு மக்கள் எழுந்தார்கள், வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்சநீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. பூங்கா நிலத்தைத் தனியாருக்குத் தள்ளிவிட முடியாது, அதைத் தட்டிக் கேட்க அங்கே குடியிருப்போருக்கு உரிமை உண்டு என்றது. 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நிலத்தை வளைத்துப் போட்டவர்களை வெளியேற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநில அரசுகளுக்கும் அதே நீதிமன்றம் ஆணையிட்டது. அந்தத் தீர்ப்பிலும் ஒரு கருணை இருந்தது. நிலமற்ற உழைப்பாளிக்கும், ஆதிதிராவிடர் பழங்குடி மக்களுக்கும் அரசு முறைப்படி கொடுத்த இடத்தையும், ஏற்கெனவே அங்கே நிற்கும் பள்ளிக்கூடம் போன்ற பொதுக் கட்டடத்தையும் விதிவிலக்காக்கலாம் என்றது. ஏழையின் குடிசையை இடிக்க அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இந்தப் பகுதியையும் படிக்கட்டும்!

இப்போது ஒரு கடினமான கேள்வி. ஊரைக் கேட்டால் ஊர் எப்போதும் நல்லதையே சொல்லுமா? சொல்லாது. ஆதிதிராவிடர் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை வேண்டும் என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. பெண்களுக்குக் கழிப்பறை கட்ட இடம் கேட்டால், என் வீட்டுக்கு எதிரே வேண்டாம் என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. ஆகவே தெளிவாகச் சொல்லுவோம். பூங்காவா, நூலகமா, களமா, சந்தையா என்பதை ஊர் கூடி முடிவு செய்யலாம். ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்குச் சமமா என்பதை எந்த ஊரும் கூடி முடிவு செய்யமுடியாது. சமத்துவம் கை தூக்கிக் கணக்கெடுக்கும் பொருள் அல்ல.

இதற்கும் சான்று பக்கத்திலேயே உண்டு. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டிச் சீமை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் ஆதிதிராவிடர்களுக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுக் காலம் அங்கே முறையாகத் தேர்தல் நடக்கவிடவில்லை, நடந்தாலும் நிலைக்கவிடவில்லை. 2006 அக்டோபரில்தான் முடிச்சு அவிழ்ந்தது. அதே பாப்பாபட்டியில், 2021 அக்டோபர் 2 அன்று, அப்போது முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் கிராம சபையில் மக்களோடு அமர்ந்தார். சபைக்கு வரும் உரிமையே போராடிப் பெற்ற உரிமை என்பதை அந்த மண் சொல்லுகிறது.

உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எங்களிடம் குடவோலை இருந்தது என்று பெருமை பேசுவார்கள். இருந்தது, உண்மைதான். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய கல்வெட்டு. ஆனால் அந்தக் குடத்திலே யார் பெயர் விழுந்தது? கால் வேலிக்குமேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேத மந்திரம் தெரிந்திருக்கவேண்டும். உழுதவன் பெயர் அந்த ஓலையில் இல்லை. நாற்று நட்டவள் பெயர் இல்லை. குடத்தைச் செய்த குயவன் பெயர்கூடக் குடத்துக்குள் போகவில்லை! இன்று நாம் கேட்கும் சபை, நிலம் இல்லாதவனும் பேசும் சபை. பொது நிலம் அதிகம் தேவைப்படுவது நிலம் இல்லாதவனுக்குத்தானே?

அவன் பேசவேண்டுமென்றால் அவன் வரமுடியவேண்டும். விடியுமுன் இருட்டிலே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு, குமுளி வழியாகவும், கம்பம் மெட்டு வழியாகவும், போடி மெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத் தோட்டத்துக்குப் போகிறார்களே நம் சகோதரிகள், அவர்கள் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். காலை 11 மணிக்குக் கூட்டம் என்றால் அவர்களை வராதே என்று சொல்வதாகத்தானே பொருள்? ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை என்று ஆக்கியிருக்கிறார்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நல்ல ஏற்பாடு. ஆனால் அன்றாடக் கூலிக்கு விடுமுறை என்றால் அடுப்புக்கும் விடுமுறை. நிலத்தைப் பற்றிய கூட்டம் அவர்கள் வீடு திரும்பிய மாலையில் நடக்கவேண்டும்.

500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கிராம சபை செல்லும் என்று விதி இருக்கிறது. தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதாது. எந்தத் தெருத் தலைகள் என்பதையும் பார்க்கவேண்டும். எல்லாத் தெருவும் சமமாக உட்காரமுடியாத இடத்தில் கூடுவது சபை ஆகாது. பள்ளிக்கூடத்தில் கூடுங்கள். தண்டோரா போட ஒரு மனிதனைத் தெருத்தெருவாய் அலையவிட்ட வழக்கத்துக்கு 2022-இல் அரசு தடை போட்டுவிட்டது. ஒலிபெருக்கி கட்டிய வண்டியை அனுப்புங்கள். கடைசித் தெருவுக்கு முதலில் அனுப்புங்கள்!

நகரத்தாருக்கும் வழி பிறந்திருக்கிறது. வார்டு குழு, ஏரியா சபை என்று 2010-இலேயே சட்டம் வந்தது. பன்னிரண்டு ஆண்டு தூங்கியது. 2022-இல்தான் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று சென்னையை அடுத்த பம்மலில் ஏரியா சபை கூடியபோது முதலமைச்சரே நேரில் இருந்தார். தேனி அல்லிநகரம், பெரியகுளம், போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம், கூடலூர் நகராட்சித் தோழர்களே, உங்கள் வார்டின் ஏரியா சபை கடைசியாக எந்த நாளில் கூடியது? யார் யார் வந்தார்கள்? என்ன பேசினார்கள்? இதற்கு விடை தெரியாதவர், நகராட்சி நிலம் போய்விட்டதே என்று டீக்கடையில் புலம்பிப் பயனில்லை.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. முதலாவது, ஒவ்வொரு மன்றமும் தன்னிடமுள்ள நிலங்களின் பட்டியலைச் சர்வே எண்ணோடும் பரப்போடும் அலுவலக வாசலில் எழுதி வைக்கட்டும். இரண்டாவது, ஒரு நிலத்தில் மாற்றம் வருமுன், வரைபடத்தையும் செலவையும் குத்தகை விவரத்தையும் எளிய தமிழில் எழுதி அந்த இடத்திலேயே நட்டு வைக்கட்டும். மூன்றாவது, டெண்டருக்கு முன் கேட்கட்டும். டெண்டர் விட்டபின் கேட்பது, தாலி கட்டியபின் பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்பதற்குச் சமம். நான்காவது, மக்கள் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூட்டம் கலையுமுன் அதே கூட்டத்தில் படித்துக் காட்டட்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கத்துக்கு அன்றோடு கொள்ளி வைக்கட்டும். ஐந்தாவது, மக்கள் சொன்னதை ஏற்கமுடியாவிட்டால், ஏன் என்று அடுத்த சபையில் வந்து சொல்லட்டும்.

நடக்கக்கூடியதா என்று ஐயப்படுவோர் குமுளி மலை ஏறி மறுபக்கம் பார்க்கட்டும். 1996-இல் கேரளம் மக்கள் திட்டம் என்று தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் கொடுத்து, எதற்குச் செலவிடுவது என்று கிராம சபைகளைக் கேட்டது. குறைகள் அங்கேயும் உண்டு. ஆனால் கேட்டதனால் ஆட்சி கவிழ்ந்துவிடவில்லை, வேலை நின்றுவிடவில்லை.

கடைசியாக, நம் தோழர்களுக்கு ஒரு சொல். மன்றத்தில் மாற்றார் இருந்தால் ஊர்நிலம் என்று முழங்குவதும், நம்மவர் இருந்தால் ஊமையாவதும் கொள்கைக்காரனுக்கு அழகல்ல. நம் கொடியைப் பிடித்து வளர்ந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ட்ராக்டர் காதில் சொன்னதைக் கேட்டு, ஊர் வாயால் சொல்வதைக் கேளாமல் போனால், முதல் கேள்வி நம்மிடமிருந்துதான் புறப்படவேண்டும். அவருக்காகச் சுவரில் எழுதியவன் நீ. வெயிலில் வீடு வீடாய் நடந்தவன் நீ. உன் கேள்விக்கு எதிரியின் கேள்வியைவிட எடை அதிகம். அந்தக் கேள்வி கட்சியைக் கெடுக்காது, காக்கும்.

அடுத்த கிராம சபை நாள் எது என்று காலண்டரில் வட்டமிடுங்கள். உங்கள் தெருவில் எத்தனை பேர் வருவார்கள் என்று இன்றே எண்ணத் தொடங்குங்கள். ஏலத் தோட்டத்துக்குப் போகும் சகோதரியிடம் எந்த நேரம் வசதி என்று கேட்டு, அந்த நேரத்தை மனுவாக எழுதி அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். வேலி போட வருகிறவர் எவராக இருந்தாலும், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், அவர் முன் ஒரே ஒரு கேள்வியோடு நில்லுங்கள்:

ஊரைக் கேட்டீர்களா?